நகரும் அதன் முகமும்: ஓர் அறவியல் நோக்கு

‘வெற்றிலை நட்டான்’ என்னுந் தொடரைச் சினையாகுபெயருக்கு எடுத்துக்காட்டாகத் தருவது நன்னூல் கற்பிப்போர் வழக்கம். நடப்பட்டது கொடி, சொல்லப்பட்டது இலை. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்தது. கேட்பவர் எவரும் இலையைப் பறித்து மண்ணிற் புதைத்ததாக மயங்குவதில்லை. கொடியையும் அவர் அறிவார், இலையையும் அறிவார். ஆகுபெயர் வழுவாகாது வழக்காக நிலைப்பது இவ்வறிவின் பலத்தினாலேயாகும்.

நகரங்களின் பெயர்களும் இன்று இவ்வகையான ஆகுபெயர்களாலேயே உலகில் வழங்குகின்றன. பாரிசு என்றதும் ஈபிள் கோபுரமும், சிட்னி என்றதும் ஒபேரா மாளிகையும், ஆக்ரா என்றதும் தாஜ்மகாலும் மனக்கண்ணில் எழுகின்றன. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. வெற்றிலையைக் கூறக் கேட்டவர் கொடியைக் கண்டவர்; தாஜ்மகாலின் படத்தைக் கண்டவருட் பெரும்பாலானோர் ஆக்ராவைக் கண்டவரல்லர். அந்நகரிற் பல்லாயிரவர் தோலறுத்துப் பாதணி தைத்து வாழ்கின்றனர் என்ற செய்தி அவர்களை எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை இலையே கொடியாகி விடுகிறது. ஒரு நகரின் ஓர் உறுப்பை அந்நகர் முழுமைக்கும் பெயராக்கும் உரிமை யாருடையது, அவ்வாறு ஆக்குமிடத்து மறைந்துபோகும் ஏனைய உறுப்புகளுக்கு அநீதி இழைக்கப்படுகிறதா என்னும் வினாக்கள் இவ்விடத்து எழுகின்றன. இவை கட்டடக் கலைஞரும் விளம்பரத் துறையினரும் மட்டும் விடைகூற வேண்டிய வினாக்களல்ல. அறவியல் வினாக்களாகவே இவை கருதற்பாலன.

சுருக்கிச் சொல்லுதலே குற்றமெனக் கூறுதல் பொருந்தாது. நினைவு என்பதே சுருக்கந்தான். ‘மாட மதுரை’ என்று பாடிய பழந்தமிழ்ப் புலவர், மாடமில்லாத குடிசைகள் அந்நகரில் இல்லையென்று சொல்ல வந்தாரல்லர். அடைமொழியின்றி நகரத்தைப் பாடமுடியாது; பாடாத நகரத்தை நினைத்தலும் அரிது. எனவே குற்றம் ஏதேனும் உண்டாயின் அது சுருக்கத்திலன்றி வேறோரிடத்திலேயே இருத்தல் வேண்டும்.

ஈபிள் கோபுரத்தின் வரலாறு இதற்கு ஒரு தொடக்கமாக அமையக்கூடும். 1889ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்காக அஃது எழுப்பப்பட்டது. 1887இல் வேலை தொடங்கியபோது எழுத்தாளர் மோப்பசான், இசையமைப்பாளர் கூனோ, ஒபேரா மாளிகையைக் கட்டிய சார்ள்ஸ் கார்னியே முதலிய கலைஞர் பலர் ஒப்பமிட்டு அதற்கெதிராக ஒரு கண்டனத்தைப் பத்திரிகையில் வெளியிட்டனர். பாரிசின் அழகுக்கே அஃது இழுக்கு என்பது அவர்தம் வாதம். இருபது ஆண்டுகள் மாத்திரம் நிற்பதற்கே அதற்கு அனுமதி இருந்தது. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையாலேயே பின்னர் தப்பிப் பிழைத்தது. பாரிசின் முகமாகப் போவது இதுவென அன்று எவரும் வாக்களிக்கவில்லை. பாரிசின் பெருமக்களோ இதனை எதிர்த்தே நின்றனர். ஆயினும் எதிர்த்தவரின் பேரரும் அதனையே தம் நகரமென்று கொண்டனர். அக்கோபுரம் எதனையும் சொல்லவில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அது கோயிலன்று, அரண்மனையன்று, வெற்றித் தூணுமன்று. வெறுமையான சின்னத்தை எவரும் தமதாக்கிக் கொள்ளலாம். எவரையும் விலக்குதற்கு வேண்டிய பொருள் அதனிடத்து இல்லை.

சுலோகங்கள் இத்துணை வாய்ப்புடையனவல்ல. சொல்லாக அமைந்துவிட்டமையால் அவை எதையேனும் சொல்லியாக வேண்டும். நியூயோர்க் நகரம் கடனில் மூழ்கித் தத்தளித்த 1975ஆம் ஆண்டில், பணிநீக்கத்தை எதிர்நோக்கிய பொலிசார் முதலியோரின் சங்கங்கள், வருகைதரும் பயணிகளுக்காக ஒரு சிறு பிரசுரத்தை அச்சிட்டன. அதன் முகப்பில் ஒரு மண்டையோடு. ‘அச்ச நகருக்கு நல்வரவு’ என்பது அதன் தலைப்பு. இரண்டு ஆண்டுகளின் பின், 1977இல், மில்டன் கிளேசர் என்னும் வரைகலைஞர், ‘நான் நியூயோர்க்கை நேசிக்கிறேன்’ என்பதனை மூன்று எழுத்தும் ஓர் இதய உருவுமாகச் சுருக்கித் தந்தார். முன்னைய பிரசுரம் இன்று ஆய்வாளர் நினைவிலே மாத்திரம் இருக்கிறது. பின்னையது உலகெங்கும் மேற்சட்டைகளில் உலவுகிறது. இரண்டும் ஒரே நகரைப் பற்றியவை; இரண்டையும் வெளியிட்டவர்க்கு அவற்றால் நயமும் இருந்தது. எது மெய், எது பொய் என்று கேட்பதிற் பயனில்லை. அச்சத்தை அளக்கலாம், ‘நேசிக்கிறேன்’ என்பதை மறுப்பது எங்ஙனம்? மறுக்கமுடியாத கூற்றின் வலிமை அதன் உண்மையிலிருந்து வருவதன்று.

இங்கிலாந்துக்கு வடக்கே, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கப்பல் கட்டுந் தொழில் நலிந்து, வேலையின்மையாலும் வன்முறையாலும் பெயர்கெட்டிருந்த அந்நகரின் மேயர் 1983இல் ஒரு சுலோக இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். ‘கிளாஸ்கோ மைல்கணக்கிற் சிறந்தது’ என்றும், எழுத்தைச் சேர்த்து வாசித்தால் ‘கிளாஸ்கோ நன்றாகப் புன்னகைக்கிறது’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சிலேடை அது. குழந்தைகளின் கதைநூலொன்றில் வரும் மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் அதற்குத் துணையாயிற்று. ஏழு ஆண்டுகளின் பின், பாரிசுக்கு அடுத்ததாக, 1990ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாகக் கிளாஸ்கோ அமர்ந்தது. நகரத் தலைவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் நாவலாசிரியர் ஜேம்ஸ் கெல்மன் உள்ளிட்ட எழுத்தாளர் சிலர் ‘தொழிலாளர் நகரம்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, இப்புன்னகை யாருடைய வாயில் எழுவது என வினவினர். வேலைநிறுத்தங்களையும் வாடகைப் போராட்டங்களையும் நடத்திய நகரத்தின் வரலாறு இச்சிரிப்பினாற் பூசி மெழுகப்படுவதாக அவர்கள் குறை கூறினர்.

அச்சுலோகத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் அதன் நுட்பம் புலப்படும். ‘சிறந்தது’ என்பதற்கு ஒப்புப் பொருளில் ஐந்தாம் வேற்றுமை வேண்டும்: எதனிற் சிறந்தது? எடின்பரோவினும் சிறந்ததா, பழைய கிளாஸ்கோவினும் சிறந்ததா, அன்றி அந்நகரின் வறிய குடியிருப்புகளில் வாழ்வோர் எண்ணியிருப்பதிலும் சிறந்ததா? அவ்வேற்றுமை விடுபட்டிருக்கிறது. விடுபட்டிருப்பதனாலேயே வாதிட இடமில்லை. சுலோகங்கள் பொய் சொல்வது அரிது. ஒரு சொல்லை விட்டுவிடுவதே அவற்றின் தொழில். விடப்பட்ட சொல்லைத் தேடுவதே அவற்றை ஆராய்வதற்கு ஏற்ற வழியெனலாம்.

எனினும் வாணிக நோக்கில் எழுந்த சுலோகங்களை எள்ளி நகையாடுதல் எளிது. விளம்பரத்தை விளம்பரமென்று கண்டுகொள்வதற்கு மெய்யியல் பயிற்சி வேண்டுவதில்லை. துன்பத்தினின்று பிறந்து, எவரும் விளம்பரமென்று சொல்லத் துணியாத சின்னத்தையும் சுலோகத்தையும் உடைய நகரமொன்றிலேயே இக்கேள்வி உண்மையான சோதனைக்கு உள்ளாகும். அந்நகரம் ஹிரோஷிமா.

இன்று ‘அணுகுண்டுக் கவிமாடம்’ என வழங்கும் கட்டடம் 1915இல் நிறைவெய்தியது. ஜான் லெட்சல் என்னும் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்தது. மாகாணத்து உற்பத்திப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் மண்டபமே அது. 1933இல் கைத்தொழில் ஊக்குவிப்பு மண்டபம் எனப் பெயர் மாறிற்று. ஆற்றங்கரையில் நின்ற ஐரோப்பியப் பாணிக் கட்டடமென்பதால் நகரத்தார் அதனைப் பார்த்து வியந்திருக்கலாம். ஆயினும் ஹிரோஷிமாவின் அடையாளமாக யப்பான் அறிந்தது அதனையன்று. 1894இல் சீனாவுடன் போர் மூண்டபோது பேரரசரின் போர்த் தலைமையகமே அந்நகருக்கு இடம்பெயர்ந்தது. பாராளுமன்றமும் அங்கு கூடிற்று. உஜினா துறைமுகத்திலிருந்து கொரியாவுக்கும் சீனாவுக்கும் படைகள் கப்பலேறின. 1945 ஏப்ரிலில் மேற்கு யப்பானின் காவலுக்கென அமைந்த இரண்டாம் பொதுப்படையின் தலைமையகமும் அங்கேயே இருந்தது. ‘இராணுவ நகர்’ என்பதே அந்நகரின் பழைய அடைமொழி.

1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி காலை 8.15 மணிக்கு அக்கட்டடத்துக்கு ஏறக்குறைய 160 மீற்றர் அப்பால், 600 மீற்றர் உயரத்தில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்தவர் அனைவரும் மாண்டனர். வெடிப்பின் தாக்கம் பெரும்பாலும் மேலிருந்து நேராக வந்தமையால் சுவர்களிற் சில நின்றன. கவிமாடத்தின் இரும்பு எலும்புக்கூடு எஞ்சியது. அவ்வாண்டு முடிவதற்குள் நகரில் இறந்தோர் தொகை சுமார் 140,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் படைவீரரும் இருந்தனர். தீத்தடுப்புக்காக வீடுகளை இடிக்கும் வேலைக்கு அழைத்துவரப்பட்ட பள்ளிப் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இந்நகரின் சின்னத்தைத் தேர்ந்தவர் நகரத்தாருமல்லர், கட்டடக் கலைஞருமல்லர். குண்டை வீசியவரே தம்மையறியாமல் அதனைத் தேர்ந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

சுலோகமோ சட்டமாகவே வந்தது. 1949இல் நகர மக்களின் வாக்கெடுப்பின் பின் ‘ஹிரோஷிமா சமாதான நினைவு நகர நிர்மாணச் சட்டம்’ பிரகடனமாயிற்று. வரிகொடுக்க வேண்டிய மக்களே மாண்டுபோன நகரமொன்றுக்கு அச்சட்டம் அரசின் காணிகளைக் கைமாறின்றித் தந்தது. வீதிகளுக்கும் பாலங்களுக்கும் வழிசெய்தது. அவ்வகையில் ‘சமாதான நகர்’ என்னுஞ் சொல் வெறுஞ் சொல்லன்று. அது சோறிட்ட சொல். ஆனால் அதே குண்டினால் நோயுற்ற உடல்களுக்கு மருத்துவ உதவி வழங்கும் சட்டம் 1957இலேயே வந்தது. நகரின் உருவத்துக்கும் நகரத்தாரின் உடலுக்கும் இடையில் எட்டு ஆண்டுகள். அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை இத்தாமதத்துக்கு ஓரளவு காரணமென்பதை மறுத்தற்கில்லை; எனினும் சின்னங்கள் மனிதரைக் காட்டிலும் விரைவாக எழுந்துவிடுகின்றன என்ற உண்மையும் அதனாலே தெரிகிறது.

கென்சோ தாங்கே வகுத்த சமாதானப் பூங்காவில் அரும்பொருட்காட்சிச் சாலை, நினைவு வளைவு, சிதைந்த கவிமாடம் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. வளைவின் ஊடாக நோக்குபவர் கண்ணுக்குக் கவிமாடம் சட்டகத்துள் இட்ட படம்போலத் தோன்றும். அப்பூங்கா இருக்குமிடத்தில் முன்னர் நக்கஜிமா என்ற நெருக்கமான வணிகக் குடியிருப்பு இருந்தது. அதன் சாம்பலின்மேல் போரின் பின் குடிசைகளைக் கட்டி வாழ்ந்தோர், பூங்காவின் பொருட்டு அகற்றப்பட்டனர். கவிமாடத்துக்கு வடக்கே ஆற்றங்கரை நெடுகிலும் குண்டுக்குத் தப்பியோரும் கொரியரும் வறியோருமாக நெருங்கி வாழ்ந்த சேரி ‘அணுகுண்டுச் சேரி’ என்றே பெயர்பெற்றது. 1978இல் மோட்டோமாச்சி அடுக்குமாடிகள் கட்டி முடியும் காலம்வரை அஃது அங்கிருந்தது. சட்டகத்துள் இட்ட படத்தில் அது விழுவதில்லை. தாங்கேயின் நேர்கோடு அழகானதே. நேர்கோட்டுக்குப் பக்கங்கள் உண்டு என்பதை அதன் அழகு மறக்கச் செய்கிறது.

கவிமாடத்தைக் காப்பதா இடிப்பதா என்ற விவாதம் 21 ஆண்டுகள் நீடித்தது. தப்பியோருட் சிலர் அதனை இடிக்குமாறே வேண்டினர். நாள்தோறும் வேலைக்குப் போகும் வழியில் தம் பிள்ளைகள் இறந்த கணத்தை மீண்டும் காண்பது அவர்களுக்குத் தாங்கொணாததாயிற்று. வேறு சிலரோ, அது போனால் தம் சொல்லை உலகு நம்பாது என்றனர். ஒரு வயதில் கதிர்வீச்சுக்குள்ளாகி 1960இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த பள்ளி மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பு, காக்கவேண்டும் என்போரின் இயக்கத்துக்குத் தூண்டுதலாயிற்று. 1966இல் மாநகரசபை அதனைப் பேணுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. பொதுமக்களிடம் திரட்டிய நிதி எதிர்பார்த்த தொகையை விஞ்சியது.

இவ்விரு சாராருள் யார் பக்கம் நீதி என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. துன்பப்பட்டவனின் உரிமையே முதன்மையானது என்போமாயின், இரு சாராரும் துன்பப்பட்டவர்களே. பெரும்பான்மையால் முடிவுசெய்யலாம் என்போமாயின், ஒருவனுடைய துயரம் மற்றவனுடைய வாக்கினால் அளக்கப்படுவதாகும். வருங்காலத்தவர் அறிதற்பொருட்டு என்று கூறின், வாழ்வோரை வருங்காலத்துக்குக் கருவியாக்குதல் தகுமா என்ற வினா எஞ்சும். எம்முடிவை எடுத்திருந்தாலும் எவருக்கோ தீங்கு நேர்ந்திருக்கும். அம்முடிவுக்கு ஓரளவேனும் தகுதியைத் தருவது, அஃது எடுக்கப்படுவதற்குச் சென்ற 21 ஆண்டுகளேயாம். இடிக்கவேண்டும் என்றவரும் அக்காலத்திற் பேச முடிந்தது. ஈபிள் கோபுரத்துக்கும் கிளாஸ்கோவின் சிரிப்பு முகத்துக்கும் இத்தகைய காத்திருப்பு நேர்ந்ததில்லை.

நினைவு வளைவின் கீழுள்ள கல்லிற் பொறித்த வாசகம் 1952இல் திறந்து வைக்கப்பட்டது. மாண்டோர் அமைதியாகத் துயில வேண்டும், தவறு மீண்டும் செய்யப்படமாட்டாது என்னும் கருத்தினது. அதனை யாத்தவர், தாமும் குண்டுக்குத் தப்பியவரான ஹிரோஷிமாப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் சைக்கா தடயோஷி. யப்பானிய மொழியில் எழுவாயை விட்டுச் சொல்லுதல் இயல்பு. வினைமுற்றும் இடத்தையும் பாலையும் காட்டாது. ஆகவே ‘தவறு செய்யமாட்டாதவர்’ யார் என்பது அவ்வாசகத்தில் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் அங்கு சென்ற வங்காள நீதிபதி இராதாவினோத் பால் இதனைக் கண்டு சினந்தார். தோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றில், குற்றஞ்சாட்டப்பட்டோர் எவரும் குற்றவாளியல்லர் எனத் தனித்துத் தீர்ப்பெழுதியவர் அவர். குண்டு வீசியவர் யப்பானியரல்லரே, அவ்வாறாயின் தவறுக்கு யப்பானியர் ஏன் வாக்குறுதி தரவேண்டும் என்பது அவர் வினா. எழுவாய் மனிதகுலம் முழுவதுமே எனச் சைக்கா விடையிறுத்தார். வினா அத்துடன் அடங்கவில்லை. 1983இல் மாநகரசபை விளக்கப் பலகையொன்றை நாட்ட வேண்டியதாயிற்று; 2005இல் ஓர் இளைஞன் உளிகொண்டு ‘தவறு’ என்ற சொல்லையே கல்லிற் சிதைத்தான்.

இவ்வாசகத்தைத் தமிழிற் பெயர்ப்பவர்க்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ‘செய்யோம்’ என்றதும் தன்மைப் பன்மை வந்துவிடும். வந்ததும், அது முன்னிலையாரை உளப்படுத்திய ‘நாம்’ ஆ, அவர்களை விலக்கிய ‘யாம்’ ஆ என்று தெரிந்தாக வேண்டும். ‘யாம்’ என்றால் பாலின் சினம் நியாயமாகிறது. ‘நாம்’ என்றால் சைக்காவின் விடை பொருந்துகிறது. ஆனால் ‘நாம்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. மனிதகுலம் முழுவதும் தவறு செய்தது என்னும்போது, கட்டளையிட்டவனும் சாம்பலானவனும் ஒரே வினைமுற்றுக்குள் அடங்கிவிடுகின்றனர். எல்லாரையும் உளப்படுத்தும் சொல் எவரையும் பொறுப்பாக்காது விட்டுவிடக்கூடும். இராணுவ நகர் சமாதான நகரானதும் இத்தகைய ஒரு ‘நாம்’ இன் துணைகொண்டே என்று நான்கிங்கிலும் சோலிலும் இருந்து நோக்குபவர் கருதினால் அதனைத் தவறெனல் கூடாது.

அந்நோக்கை ஹிரோஷிமா கேட்கவும் நேர்ந்தது. குண்டுக்கிரையான கொரியருக்கு 1970இல் எழுந்த நினைவுச்சின்னம் பூங்காவுக்கு வெளியே, ஆற்றின் அக்கரையிலே நின்றது. இறப்பிலும் எல்லை வகுத்த இச்செயல் நெடுங்காலம் கண்டிக்கப்பட்டு, 1999இலேயே அச்சின்னம் பூங்காவினுள் இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டின் சமாதானப் பிரகடனத்தில் அந்நாள் மேயர் ஹிராஓக்கா, யப்பானின் குடியேற்ற ஆட்சியும் போரும் ஆசிய பசிபிக் மக்களுக்கு இழைத்த துன்பத்தை எடுத்துரைத்தார். 1994இல் திறந்த அரும்பொருட்காட்சிச் சாலையின் கீழைக் கட்டடத்தில் இராணுவ நகரின் வரலாறும் இடம்பெற்றது. 1996இல் யுனெஸ்கோ கவிமாடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது அமெரிக்காவும் சீனாவும், வெவ்வேறு காரணங்களுக்காக, அம்முடிவிலிருந்து விலகி நின்றன. ஒரு சின்னத்தின் மேன்மையை அதனைப் போற்றுவோர் தொகையால் அளத்தல் வழக்கம். அதனை நோக்கி மறுமொழி சொல்ல எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்று அளப்பதே பொருத்தமாகும். ஹிரோஷிமாவின் கல் கேள்விகளை ஏற்றது. அரைகுறையாகவும் தாமதமாகவுமே எனினும் ஏற்றது.

ஈழத்து வாசகர் ஒருவர் இவ்வரலாற்றைப் படிக்குமிடத்து யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தை நினையாதிருத்தல் இயலாது. ஒப்புமை அழிவின் அளவிலன்று. அவ்விரண்டையும் அளவால் ஒப்பிடுதல் பொருந்தாது. ஒரு கட்டடம் நகரின் முகமாகும் முறையிலேயே ஒப்புமை இருக்கிறது. 1930களில் ஒருவர் தம் வீட்டிற் சேர்த்த நூல்களோடு தொடங்கி, 1959இல் சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த வெண்மாளிகையிற் குடிபுகுந்த அந்நூலகத்தை ஊரார் நேசித்தனர். ஆயினும் வெளியுலகில் யாழ்ப்பாணத்தின் முகமாக அதனை ஆக்கியது 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவின் தீ. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஹிரோஷிமாவிற் போலவே இங்கும் சின்னத்தைத் தேர்ந்தவர் அழித்தவரே. 1984இல் திருத்தி எடுக்கப்பட்ட கட்டடம் கோட்டையைச் சுற்றிய போரில் மீண்டும் சிதைந்து, கரிபடிந்த சுவரும் துளைபட்ட தூணுமாகப் பல ஆண்டுகள் நின்றது.

1990களின் பிற்பகுதியில் அரசு அதனைப் புனரமைக்க முற்பட்டபோது ‘புத்தகமும் செங்கல்லும்’ என்பது அவ்வியக்கத்தின் சுலோகமாயிற்று. ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லின் விலையும் தருமாறு நாட்டு மக்களிடம் கேட்கப்பட்டது. தெற்கிலிருந்து பலர் தந்தனர். அவர்களுள் வெட்கத்தாலும் வருத்தத்தாலும் தந்தவர் இருந்தனர். அவர்தம் கொடையை அரசியற் கண்கொண்டு மாத்திரம் நோக்குதல் நன்றியறிதலாகாது. எனினும் அதே காலத்திற் போர் நடந்துகொண்டிருந்தது. நூலகத்தை எரித்தமைக்காக எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. சிதைவை அப்படியே விட்டு, புதிய நூலகத்தை வேறிடத்திற் கட்டவேண்டும் என்று ஒரு சாரார் கருதினர். வெள்ளைப் பூச்சினாற் சான்று மறையுமென்பது அவர் அச்சம். எரித்தவன் நினைத்தபடி சாம்பலாகவே இருந்துவிடுவதா, பிள்ளைகள் படிக்க ஓரிடம் வேண்டாவா என்பது மறுசாரார் கேள்வி. 2003 பெப்ரவரியில் நிகழவிருந்த திறப்பு விழா, விடுதலைப் புலிகளின் எதிர்ப்பினால் தடைப்பட, மாநகரசபை உறுப்பினர் பதவி துறந்தனர். அதன் பின்னரே கட்டடம் வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது.

ஹிரோஷிமாவுக்குக் கிடைத்த 21 ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்விரு வரலாறுகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு. எரிந்த சுவரின் முன் நின்று, அதனைக் காப்பதா மறைப்பதா என்று அச்சமின்றி வாதிடுதற்கு நகரத்தாருக்கு ஓர் ஓய்வு வாய்க்கவில்லை. ஒருபுறம் அரசு முடிவு செய்தது. மறுபுறம் ஆயுதம் முடிவு செய்தது. அங்கு நூல் வாசித்தவன் எந்த முடிவை விரும்பினான் என்பதை எவரும் வாக்கெடுத்து அறிந்ததில்லை. எனவே அவ்வெண்மாளிகை அழகாக மீண்டெழுந்ததை வரவேற்பவரும், அதன் வெண்மையில் மனம் உறுத்துபவரும் ஒரே மனிதராக இருத்தல் கூடும். அதில் முரண்பாடு ஏதுமில்லை.

‘புத்தகமும் செங்கல்லும்’ என்பதிலும் விடப்பட்ட சொல்லொன்று உண்டு. அதில் வினையே இல்லை. ‘நூலகம் எரிந்தது’ என்பது தன்வினை. தீ தானே மூண்டதுபோலச் சொல்வது. ‘நூலகம் எரிக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. செய்தவன் உண்டென்று ஒப்பி, பெயரை மறைப்பது. ‘நூலகத்தை எரித்தனர்’ என்பது செய்வினை. எழுவாய் எங்கே என்று உடனே கேட்கத் தூண்டுவது. உல்லாசப் பயணிகளுக்கான கைநூல்கள் முதலிரண்டோடு நின்றுவிடுகின்றன. தெற்கிலிருந்து ஒரு நூலைப் பொதிந்து அனுப்பியவரின் உள்ளத்தில் இருந்தது மூன்றாவதாகவே இருந்திருக்கவுங் கூடும். அவருக்கும் அந்நூலைப் பெற்றவருக்கும் பொதுவான ஒரு ‘நாம்’ அவ்வெண்மாளிகையின் வாயிலில் எழுதப்படவில்லை. எழுதப்படின் அதற்குரிய வினைமுற்று எதுவாயிருக்கும் என்பதும் இன்னும் பேசி முடியாத பொருளாகவே இருக்கிறது.